பங்கிட்ட பொறியும் கடவுச்சொல்லும்

ஜார்ஜ் டவுன் நகரின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத பினாங்குத் தமிழர் இலர். முன்னாளில் பிட் வீதி எனப்பட்ட அச்சாலையில், 1801-ஆம் ஆண்டில் சூலியர் தலைவர் காதிர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல் நிற்கிறது. அதனை அடுத்து நாணயம் மாற்றுவோர் கடைகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. அங்கிருந்து மார்க்கெட் வீதி வழியே கிழக்கு நோக்கி நடந்தால், குயின் வீதியும் கிங் வீதியும் குறுக்கிட, அடுத்து வருவது பினாங்கு வீதி. தைப்பூச வெள்ளி இரதம் புறப்படும் கோயில் வீடு அங்குதான் உள்ளது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் வட்டித் தொழிலை நடத்திய கிட்டங்கிகள் இருந்ததும் அவ்வீதியிலேயே.

கிட்டங்கியின் அமைப்பை இன்றைய மாணவர் பலர் அறியார். ஒரே நீண்ட கூடம். நடுவே நடைவழி. இருமருங்கும் பல நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் சில அடி இடம். ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய், கணக்கேடுகள். இவைதாம் ஒரு நிறுவனத்தின் முழு அலுவலகம். நிறுவனங்கள் தம் விலாச எழுத்துகளாலேயே அறியப்பட்டன. ஆனா, மூனா, ரூனா என்று அவ்வெழுத்துகளைச் சொன்னாலே இன்னார் எனத் தெரிந்துவிடும். பக்கத்துப் பெட்டிக்கும் நம் பெட்டிக்கும் இடையே சுவர் இல்லை. அடுத்தவர் தம் வாடிக்கையாளரிடம் பேசுவது காதில் விழும். எல்லாரும் ஒருவரையொருவர் அறிவர், பெரும்பாலும் உறவினர். ஆயினும் பெட்டிக்குப் பூட்டு உண்டு. அப்பூட்டு கடற்கொள்ளையனுக்காக இடப்பட்டதா, பக்கத்துப் பாய்க்காரருக்காக இடப்பட்டதா என்று கேட்டால் விடை எளிதன்று. ஒரே கூடத்தில் இருப்போரிடையே எவர் பொருள் எது என்பதில் ஐயம் எழாதிருக்க இடப்பட்டது என்று சொல்வதே பொருத்தம்.

இச்சொற்பொழிவின் பொருள் கணினி. பலர் ஒரே பொறியைப் பங்கிட்டுக் கொண்ட காலத்தில் பிறந்த இரண்டு சொற்களின் வரலாற்றை ஆராய முற்படுகிறோம். ஒன்று, நாம் கடவுச்சொல் என்று வழங்குவது. மற்றொன்று, ஆங்கிலத்தில் ஹேக்கர் என்றும் தமிழில் கொந்தர், ஊடுருவி, இணையத் திருடர் என்றும் பலவாறாக வழங்குவது. இவ்விரண்டும் ஒரே கூடத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது நம் கருத்து. அக்கூடத்தைக் காணாமல் சொற்களை மட்டும் மொழிபெயர்த்தமையால், நம் பாடநூல்களில் ஒரு பாதிப் பொருளே வந்து சேர்ந்தது.

1950-களில் கணினியைப் பயன்படுத்துதல் என்பது அதனைக் காணாமலே பயன்படுத்துதல். நிரலைத் துளை அட்டைகளில் பதித்துச் சாளரத்தில் கொடுத்துவிட்டு வரவேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அச்சிட்ட தாள் கிடைக்கும். ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நாம் ஆய்வு மாணவராயிருந்த காலத்திலும் இம்முறை முற்றாக மறைந்திருக்கவில்லை. அட்டைக் கட்டு கைதவறி விழுந்து வரிசை கலைந்தபோது படிக்கட்டில் அமர்ந்து அவற்றை அடுக்கியது இன்றும் நினைவில் உள்ளது. பொறியின் ஒரு நொடி மனிதனின் ஒரு நாளைவிட விலையுயர்ந்தது என்ற கணக்கில் அமைந்த ஏற்பாடு அது.

இக்கணக்கைத் தலைகீழாக்கியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில், ஐ.பி.எம். 709 பொறி ஒன்றை மாற்றியமைத்து, ஒரே வேளையில் சிலர் தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து பணியாற்றலாம் என்பதை அவரும் அவர் குழுவினரும் காட்டினர். பொறி ஒருவர் வேலையைச் சிறிது நேரம் செய்யும், நிறுத்தி, அடுத்தவர் வேலைக்குச் செல்லும், சுற்றி வரும். சுற்று விரைவாக நடப்பதால் ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியது என்று மயங்குவர். இதற்கு நேரப்பகிர்வு என்று பெயர். பின்னர் ஐ.பி.எம். 7094 பொறிக்கு மாறிய அவ்வமைப்பு, ஏறத்தாழ 30 பேருக்கு ஒரே வேளையில் இடமளித்தது. அதன் நினைவகம் ஒவ்வொன்றும் 32,000-க்கு மேற்பட்ட சொல் கொண்ட இரு பகுதிகளால் ஆனது. ஒன்றில் மேற்பார்வை நிரல் வீற்றிருக்க, மற்றதில் பயனர் ஒருவர் பின் ஒருவராக வந்து போயினர். இன்றைய பள்ளி மாணவர் கையிலுள்ள தொலைபேசியின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு சுண்டைக்காயும் ஆகாது.

இனிப் பூட்டுக்கு வருவோம். முப்பது பேர் ஒரே பொறியில் தத்தம் கோப்புகளைச் சேமித்து வைத்தால், எவர் கோப்பு எவருடையது என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். பொறியின் நேரத்தை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தால், எவர் எவ்வளவு செலவிட்டார் என்பதற்கும் ஏடு வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் கோர்பட்டோ கண்ட எளிய விடையே பயனருக்கு ஒரு பெயரும் ஒரு மறைசொல்லும். எதிரி நாட்டு ஒற்றரையோ கொள்ளையரையோ மனத்திற்கொண்டு அமைத்த அரண் அன்று அது. ஒரே வீட்டில் குடியிருப்போர் பானைக்குப் பெயர் வெட்டி வைப்பது போன்ற ஏற்பாடு. அக்காலத்தில் இது போதும் என்றே கருதினர். அவ்வாறு கருதியதில் பிழையில்லை என்றே நாமும் சொல்வோம். பிழை, அவ்வேற்பாட்டை மாற்றாமலே பின்னாளில் உலகின் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டு சென்றதில் உள்ளது.

பூட்டு இட்ட சில மாதங்களிலேயே அது திறக்கப்பட்டது. திறந்தவர் வெளியார் அல்லர். அதே கழகத்தின் ஆய்வு மாணவர் ஆலன் ஷெர். நேரப்பகிர்வு அமைப்பின் செயல்திறனையே அவர் ஆராய்ந்து வந்தார். அவருக்கு அளிக்கப்பட்ட நேரம் வாரத்திற்கு 4 மணி. ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுப் பெற ஒரு வழி இருந்தது: கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் ஒரு துளை அட்டையில் பதித்துக் கொடுத்தால், அச்சிட்டு வைத்திருப்பர். அட்டையில் உள்ள எண் அதைக் கொடுத்தவருடையதா என்று எவரும் கேட்பதில்லை. 1962-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மறைசொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பின் பெயரை அட்டையில் பதித்துக் கொடுத்தார் ஷெர். சனிக்கிழமை சென்று தாளை எடுத்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. முனையத்தின் வாயிலில் பூட்டு இருந்தது. அச்சுக்கூடத்தின் வாயிலில் இல்லை. நேரப்பகிர்வு வருவதற்கு முன்பிருந்த பழைய துளை அட்டை வழக்கம் பின்வாசலாக அப்படியே எஞ்சியிருந்தது. புது வீட்டுக்கு முன்கதவு செய்தவர் பழைய மாட்டுத் தொழுவத்தின் வழியை அடைக்க மறந்தார். பிற்காலத்துப் பாதுகாப்புக் குறைகள் பலவற்றை ஆராய்ந்தால் இதே வடிவமே தென்படும்.

பழி தம் ஒருவர் மேல் மட்டும் விழாதிருக்க, ஷெர் அச்சொற்களைப் பிறர்க்கும் கொடுத்தார். அவ்வாறு பெற்றவருள் ஒருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர் என்பதும், அவர் ஆய்வகத் தலைவர் ராபர்ட் பானோவின் கணக்குள் நுழைந்து கேலிச் செய்திகளை விட்டுவந்தார் என்பதும் ஷெர் பின்னர்க் கூறிய செய்தி. லிக்லைடர் சிறுபிள்ளை அல்லர். கணினி வலைப்பின்னல் என்னும் எண்ணத்திற்கே வித்திட்ட பேரறிஞர். கால் நூற்றாண்டு கடந்த பிறகே ஷெர் தம் செயலை வெளிப்படுத்தினார்.

இரண்டாவது நிகழ்ச்சியில் திருடரே இல்லை. 1960-களின் நடுவே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியளவில், அவ்வமைப்பில் நுழைந்தவர் அனைவர்க்கும் முனையம் வழக்கமான அன்றைய அறிவிப்பைத் தட்டச்சிடுவதற்கு மாறாக, எல்லாப் பயனர்களின் பெயரையும் மறைசொல்லையும் வரிசையாகத் தட்டச்சிடத் தொடங்கியது. அதைக் கண்ட வில்லியம் மாத்யூஸ் என்பவர், மேலும் பலர் கண்ணில் படாதிருக்க, தன்னையே முடிவின்றி இயக்கிக் கொண்டிருக்கும் ஒரு கட்டளையை உள்ளிட்டுப் பொறி முழுவதையும் முடக்கினார். பூட்டு உடைந்ததை அறிந்தவர் வீட்டையே இருளாக்கிக் காத்தார் என்று கொள்ளலாம். அவ்வார இறுதிக்குமுன் அனைவர் மறைசொல்லையும் மாற்றும் வேலை டாம் வான் விளெக் என்பவர் தலையில் விழுந்தது.

காரணம் பின்னர்த் தெரிந்தது. எழுத்துகளைத் திருத்தும் நிரல், தன் வேலை முடியும்வரை ஒரு தற்காலிகக் கோப்பை வைத்துக்கொள்ளும். அக்கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு பயனரின் இடத்தில் ஒருவரே வேலை செய்வார் என்று நம்பி அவ்வாறு எழுதினர். அந்நம்பிக்கை தொடக்கத்தில் உண்மையாகவும் இருந்தது. பின்னர் அமைப்பைப் பேணும் அலுவலர் பலர் ஒரே கணக்கைப் பங்கிட்டுக் கொள்ள அனுமதிக்கப்பட்டனர். அன்று ஒருவர் மறைசொற்கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவர்க்கும் தற்காலிகக் கோப்பு ஒன்றே. முடிவில் ஒன்று மற்றதன் இடத்தில் போய் அமர்ந்தது. கிட்டங்கியில் இரு கணக்கர் ஒரே கரும்பலகையில் குறித்துவிட்டு, தத்தம் ஏட்டில் பெயர்த்தெழுதியது போல.

கோர்பட்டோ 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது, தவறிப்போகும் அமைப்புகளைக் கட்டுவது பற்றியே சொற்பொழிவாற்றினார். இந்நிகழ்ச்சியை அதில் எடுத்துரைத்தார். விருது பெறும் மேடையில் தம் பொறியின் வீழ்ச்சியைச் சொல்லிய அவர் பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் சொல்ல இதனினும் சிறந்த கதை கிடைப்பது அரிது. தனித்தனியே இரு முடிவுகளும் நியாயமானவை. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தபோதே குறை பிறந்தது.

மொழியியலார் என்ற முறையில் நமக்கு மிக உவப்பான பகுதி இனி வருவது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். மாட்டுத் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பற்றி விலை பேசுவது, சொல்லின்றியே நடக்கும் குழூஉக்குறி. ஹேக் என்பதும் முதலில் இவ்வாறான ஒரு குழூஉக்குறியே.

அது வழங்கிய குழு, அதே தொழில்நுட்பக் கழகத்தில் பொம்மைத் தொடர்வண்டி அமைத்த மாணவர் சங்கம். தண்டவாளத்தின் கீழே பழைய தொலைபேசி நிலைய உறுப்புகளைக் கொண்டு சிக்கலான மின்னிணைப்புகளை அமைத்தனர். பீட்டர் சாம்சன் என்னும் மாணவர் 1959-ஆம் ஆண்டு அச்சங்கத்தின் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார். அதில் ஹேக் என்பதற்கு, உருப்படியான பயன் எதனையும் கருதாது செய்யும் வேலை என்னும் கருத்துப்படப் பொருள் கூறியிருந்தார். அதைச் செய்பவர் ஹேக்கர். நம் வீடுகளில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் விழிக்கும் பிள்ளையை என்னவென்று திட்டுவோமோ, ஏறக்குறைய அதுவே. பின்னர் இம்மாணவர் கணினியை நாடிச் சென்றபோது சொல்லும் உடன் சென்றது.

ஹேக்கர் என்பது தொடக்கத்தில் தூய சொல், செய்தித்தாள்களே பிற்காலத்தில் அதனை மாசுபடுத்தின என்று பலரும் எழுதுகின்றனர். நாம் இதனை முழுதும் ஏற்பதற்கில்லை. அக்கழகத்து மாணவர் இதழான தி டெக், 1963 நவம்பரிலேயே, ஹேக்கர் எனப்படுவோர் கணினியைக் கொண்டு தொலைபேசி இணைப்புகளில் குறும்பு செய்ததால் சில தொலைபேசி வசதிகள் நிறுத்தப்பட்டன என்று செய்தி வெளியிட்டது. நாற்பொருளும் கலந்தே ஒரு சொல் வாழும். நாற்றம் என்னும் சொல் நறுமணத்தையும் குறித்து நின்று பின்னர் இழிந்ததை அறிந்த நாம், இதில் வியப்படைய வேண்டுவதில்லை. குறும்பும் ஆய்வும் அத்துமீறலும் ஒரே சொல்லில், ஒரே ஆளிடத்தும், அடங்கியிருந்தன. ஷெர் செய்தது எது என்று பிரித்துக் கூற எவரால் இயலும்?

அதே கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தார் பூட்டையே வெறுத்தனர். 1960-களின் பிற்பகுதியில் தாம் உருவாக்கிய நேரப்பகிர்வு அமைப்புக்கு, கோர்பட்டோவின் அமைப்பைக் கேலி செய்யும் வகையில், ஒத்துவராத நேரப்பகிர்வு அமைப்பு என்று பெயரிட்டனர். கோர்பட்டோவினது ஒத்துவரும் அமைப்பு எனப் பெயர் கொண்டிருந்தது. இவர்கள் பொறியில் மறைசொல் இல்லை. எவர் கோப்பையும் எவரும் படிக்கலாம். பொறியை வீழ்த்துவதைச் சிலர் வீரமாகக் கருதியதால், பொறியை வீழ்த்துவதற்கென்றே ஒரு கட்டளையை எல்லார்க்கும் வழங்கினர். எவரும் செய்யக்கூடியதைச் செய்வதில் பெருமை ஏது? மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு அது. 1970-களில் பக்கத்து ஆய்வகத்தில் மறைசொல் புகுத்தப்பட்டபோது, ரிச்சர்ட் ஸ்டால்மன் அவற்றைப் படித்தறிய வழி கண்டு, ‘உங்கள் சொல் இன்னது என்று அறிந்தேன், வெறுமனே விசையை மட்டும் அழுத்துவதை மறைசொல்லாக வைத்துக்கொண்டால் தட்டுவது எளிது’ என்னும் கருத்தில் பயனர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அதற்கு இணங்கினராம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த கூடத்தில் இது நடக்கும். அறியாதவர் நுழைந்ததும் நடக்காது.

பூட்டை நுட்பமாகச் செய்தவர்களும் சறுக்கினர். 1970-களில் பல ஆய்வு நிலையங்களில் வழங்கிய டெனக்ஸ் என்னும் அமைப்பின் குறை, கணக்கு ஆசிரியர் வகுப்பில் வைத்து நடத்தத்தக்கது. அங்கே பொறி, பயனர் தந்த சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிடும், முதற்பிழையிலேயே நின்றுவிடும். நினைவகமோ பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டது. பொறி ஒரு பக்கத்தைத் தொட முயன்றதா என்பதைப் பயனர் அறிய முடியும். ஆகவே சூழ்ச்சி செய்வோன், தன் ஊகச் சொல்லின் முதலெழுத்தை ஒரு பக்கத்தின் கடைசி இடத்திலும், மற்றவற்றை அடுத்த பக்கத்திலும் வைப்பான். பொறி அடுத்த பக்கத்தைப் புரட்டினால் முதலெழுத்து சரி. புரட்டாவிட்டால் தவறு. பின்னர் இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து. வாயிற்காவலன் வாய்திறவாமலே, தாள் திருப்பும் ஓசையால் மறைசொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிவிடுகிறான்.

தமிழ் எழுத்தில் வைத்துப் பார்ப்போம். நம் எழுத்து 247. மூன்றெழுத்துச் சொல் ஒன்றை ஊகித்தறிய, சொல்லின் முதலில் எவை வரும் என்னும் இலக்கணத்தைத் தள்ளிவிட்டால், 1,50,69,223 முயற்சிகள் வரை தேவைப்படலாம். மேற்சொன்ன வழியில் 247-ஐ மூன்று முறை கூட்டினால் போதும்: 741. ஒரு கோடியே ஐம்பது இலட்சம் எழுநூற்று நாற்பத்தொன்றாகச் சுருங்கியது ஒரு தாள் திரும்பும் ஓசையால்.

மல்டிக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்போம். கோர்பட்டோ குழுவினர் 1965 முதல் பாதுகாப்பை அடித்தளத்திலேயே வைத்துக் கட்ட முயன்ற அமைப்பு அது. அதனை ஆராய்ந்து உட்புகுந்து காட்டும் பணி, அமெரிக்க வான்படையின் சார்பில் பால் கார்கர், ரோஜர் ஷெல் ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் பெரிதும் போற்றப்பட்ட அவ்வமைப்புள்ளும் அவர்கள் நுழைந்து காட்டி 1974-இல் அறிக்கை அளித்தனர்.

மல்டிக்ஸ் பணியிலிருந்து 1969-இல் விலகிய பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கினர். தாம்சனும் ராபர்ட் மோரிஸும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோர்பட்டோவின் வெள்ளிக்கிழமையை நினைவுகூர்ந்து தொடங்குகிறது. மறைசொல்லைக் கோப்பில் வைப்பதே கூடாது. திரும்பப் பெற இயலாதவாறு உருமாற்றி அவ்வுருவையே வைக்கவேண்டும் என்பது அவர்கள் முறை. கோப்பு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஏறினாலும் பெரிதும் கேடில்லை. அவ்வுருமாற்றத்தை வேண்டுமென்றே 25 முறை திருப்பிச் செய்து மெதுவாக்கினர். விரைவையே வழிபட்ட துறையில், மெதுவானதே நல்லது என்று கூறிய முதல் குரல்களுள் ஒன்று அது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் உருவம் வேறுபடுமாறு ஒவ்வொன்றிலும் சிறிது புறப்பொருளைத் தூவினர். அதற்கு உப்பு என்று பெயரிட்டனர். நல்ல குழூஉக்குறி. அதனை உப்பு என்றே தமிழில் வழங்கலாம், புதுச்சொல் தேடவேண்டியதில்லை.

ஆனால் பூட்டு நன்றாயிருந்து என்ன? அவர்கள் திரட்டிய 3,289 மறைசொற்களில் 15 ஒற்றையெழுத்து; 72 ஈரெழுத்து; 464 மூவெழுத்து. இவற்றோடு பிற எளிய குறுஞ்சொற்களையும், அகராதியிலும் பெயர்ப்பட்டியல்களிலும் கிடைத்தவற்றையும் சேர்த்தால், 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, எளிதில் ஊகிக்கத்தக்கவை. மோரிஸின் மகனே 1988 நவம்பரில் தன் நிரலால் இணையத்தின் ஒரு பகுதியைத் திணறச் செய்தார் என்பதும், அந்நிரல் செய்த வேலைகளுள் ஒன்று மறைசொல் ஊகிப்பது என்பதும் வரலாற்றின் விளையாட்டு.

இனி 75 காசு. 1986 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கிளிபர்ட் ஸ்டால் என்னும் வானியலார் கணினி மேலாண்மைப் பணிக்கு மாற்றப்பட்டார். பயனர்க்குக் கணினி நேரக் கட்டணம் எழுதும் கணக்கில் 75 காசு உதைத்தது. அமெரிக்கக் காசுதான், ஆயினும் முக்கால் வெள்ளி எவர்க்கும் பொருட்டன்று. அவர் விடவில்லை. கணக்குப் பெறாத எவரோ ஒன்பது நொடி பொறியைப் பயன்படுத்தியிருந்தார் என்பது தெரிந்தது. தொடர்ந்து பல மாதங்கள் பின்தொடர்ந்ததில், மேற்கு செருமனியின் ஹனோவரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் தடம் சென்று முடிந்தது. அவர் அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளைத் துழாவிச் சோவியத்து உளவு நிறுவனத்திற்குச் செய்தி விற்ற குழுவினர். அவர் உள்ளே பேரதிகாரம் பெற்ற வழி, மின்னஞ்சலை நகர்த்தும் ஒரு சிறு நிரல். அந்நிரல் தேவைக்கு மிஞ்சிய உரிமையோடு இயங்கியதால், அமைப்பின் உள்ளறையிலேயே அவர் தம் கோப்பை வைக்க முடிந்தது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதை நம் மாணவர் அறிவர். ஸ்டாலும் அவ்வுவமையையே 1989-இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார்.

காவலர் எவரும் அவரைப் பிடிக்கவில்லை, பேரேடு பிடித்தது. மாதமுடிவில் ஐந்தொகை போட்டு ஒரு காசு உதைத்தாலும் இரவெல்லாம் விளக்கேற்றித் தேடிய பினாங்கு வீதிக் கணக்கர்க்கு ஸ்டாலின் செயல் சிறிதும் வியப்பளித்திராது. மறைசொல் பிறந்ததே நேரக் கணக்குக்குத் துணையாக என்று முன்னர்க் கூறினோம். கால் நூற்றாண்டின் பின் பூட்டு தோற்றுக் கணக்கு வென்றது.

மலேசியாவில் கணினிகள் கூடத்தை விட்டு வெளியே கைகோத்தது 1980-களின் பிற்பகுதியில். 1985-இல் தொடங்கிய மீமோஸ் நிறுவனம், 1987-இல் ரங்கோம் என்னும் வலைப்பின்னலால் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசிக் கம்பிவழி இணைத்தது. 1992-இல் ஜாரிங் வந்தது. கணினிக் குற்றச் சட்டம் 1997-இல் இயற்றப்பெற்றது. அனுமதியின்றி நுழைதல் அதில் குற்றம். மறைசொல்லைப் பெறத் தகாதவர்க்குத் தெரிவித்தல் தனிக்குற்றம். 1962-இன் ஷெர் இன்று பினாங்கில் இருந்தால் இரு பிரிவுகளின்கீழும் நிற்பார். கேலி எழுதிய லிக்லைடரும் உடன் நிற்பார். சட்டம் அவ்வாறுதான் இருக்கவேண்டும். முப்பது பேர் கூடத்திற்கும் முகமறியாக் கோடிப்பேர்க்கும் ஒரே விதி பொருந்தாது.

எனினும் சட்டத்தின் சொல்லே வகுப்பறையின் சொல்லாகவும் இருக்கவேண்டியதில்லை. மலாய் மொழி மறைசொல்லைக் காத்தா லாலுவான் என்கிறது. காத்தா சொல், லாலுவான் கடந்து செல்லும் வழி. நம் கடவுச்சொல்லும் அதுவே: கடவு வழி, சொல் சொல். இரண்டும் ஒன்றையொன்று பாராமல் ஒரே வழியில் வந்து நிற்கின்றன. ஹேக்கருக்கு மலாய் பெங்கோடாம் என்றது. கோடாம் என்பது பெருந்தடி, சம்மட்டி போன்றது. இந்தியில் கோதாம் கிடங்கைக் குறிக்கும். அதனோடு இதனைக் குழப்பிக்கொள்ளும் மாணவரை நாம் கண்டதுண்டு. (கிடங்கு, கிட்டங்கி, மலாயின் குடாங், ஆங்கிலத்தின் கோடவுன் ஆகியவை ஓரினம் என்பர், அது வேறொரு சொற்பொழிவுக்கு உரியது.) தமிழில் கொந்தர் என்று ஆக்கியவர் நுண்ணுணர்வோடே ஆக்கினார் என்பது நம் கருத்து. கொந்துதல் அலகால் கொத்துதல், குத்திக் குடைதல். கோழி குப்பையைக் கொந்துவது திருட்டன்று. உள்ளே என்ன இருக்கிறது என்னும் தேடல். ஆங்கில மூலமும் வெட்டுதல், கொத்துதல் என்பதே. ஆகவே பொறியைக் குடைந்து பார்ப்பவரைக் கொந்தர் என்றும், அனுமதியின்றி உட்புகுபவரை ஊடுருவி என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். மாணவர் கட்டுரைகளில் எங்கும் காணும் இணையத் திருடர் என்பதை நாம் ஏற்பதில்லை. அச்சொல்லால் கார்கரையும் ஷெல்லையும் தாம்சனையும் குறிக்க இயலாது. குறைகளைக் கண்டு சொன்னவரும் அவற்றை அடைத்தவரும் பொறியைக் கொந்தியவரே.

நம் கட்சியைச் சொல்லுமுன் நம் கணக்கையும் ஒப்புவிப்பது முறை. 1980-களில் நாம் ஆய்வு செய்த பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி மையத்தில், மொழியியல் மாணவர்க்கு வாரத்திற்கு ஒரு மணி நேரமே கிடைத்தது. பொறியியலார்க்கு அதனினும் பன்மடங்கு. தமிழ் எழுத்து அப்பொறியில் இல்லை. ழகர, ளகர, லகரங்களை ஆங்கில எழுத்தோடு எண்களைச் சேர்த்துக் குறித்து, வேற்றுமை உருபுகளின் வருகையை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் ஐயுருபே முடியவில்லை. பக்கத்து இருக்கை நண்பர் ஒருவர் தம் மறைசொல்லை ஒரு சீட்டில் எழுதி மேசை இழுப்பறையின் உட்புறம் ஒட்டியிருந்தார். அவர் ஊருக்குச் சென்ற இரு வாரங்களில் நான்காம் வேற்றுமை முதல் ஏழாம் வேற்றுமை வரை அவர் கணக்கிலேயே எண்ணி முடிந்தது. திரும்பி வந்தவர்க்கு, ஒதுக்கீட்டைக் கடந்துவிட்டீர் என்று மையத்திலிருந்து எச்சரிக்கைத் தாள் காத்திருந்தது. பொறி தவறாகக் கணக்கிட்டிருக்கும் என்று நாமும் அவரோடு சேர்ந்து வியந்தோம். அந்நண்பர் இம்மன்றத்தின் வெளியீடுகளைத் தவறாமல் வாங்குபவர். இந்நூல் அவர் கைக்கும் செல்லும்.